நம்ம காட்டுப் பழக்கலவை
(வானொலி உரை)



பழக்கலவை என்றதும், "ஆப்பிளும் திராட்சையும் வாங்க நாங்க எங்கே போறது?" என்று கேட்பீர்கள். எங்கேயும் போக வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், தண்ணீர் குறைந்த நம் நிலத்தில் விளைகிற கொய்யா, சீத்தா, மாதுளை, கிணற்றடிப் பப்பாளி, வாழை இவையே போதும். கோவிலாங்குளத்திலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே. 1 சீத்தா ரகம் உங்களில் பலர் அறிந்ததுதான்.

ஆனால் நம் வீட்டில் நடப்பது என்ன? கொய்யாவைக் கூடை கூடையாகச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காசில் பிள்ளைக்குக் கலர் வாங்கிக் கொடுக்கிறோம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருக்கிறது. ஆரஞ்சைவிட இது பல மடங்கு அதிகம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கம்பில் இரும்புச்சத்து இருந்தாலும், உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு வைட்டமின் 'சி' சேர்ந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே வெளிறிப்போய், படியேறினால் மூச்சு வாங்குகிற பெண்பிள்ளைக்குக் கம்பஞ்சோற்றோடு ஒரு கிண்ணம் பழக்கலவை கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

இனி செய்முறைக்கு வருவோம். ஆறு பேருக்குக் கொய்யா 3, வாழைப்பழம் 3, சின்னப் பப்பாளியில் பாதி, சீத்தா 2, மாதுளை முத்து ஒரு கைப்பிடி, எலுமிச்சை 1, கருப்பட்டி ஓர் எலுமிச்சை அளவு, உப்பு ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். பழங்களைக் கழுவித் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். கொய்யா, பப்பாளியை நறுக்கியதும் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிட்டால் கொய்யா கறுக்காது. கருப்பட்டிப் பாகு, உப்பு, மாதுளை சேர்த்துப் புரட்டுங்கள். வாழைப்பழத்தைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் குழைந்துவிடும்.

சீத்தாவில் மட்டும் கவனம் தேவை. சதையைக் கையால் பிதுக்கி, விதையை ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். பேனுக்கு இடித்துத் தேய்க்கிற விதை அது. வயிற்றுக்கும் ஆகாது, கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும். மிக்சியில் விதையோடு அடிக்கவே கூடாது. சதையைச் சுடவைத்தாலும் கசக்கும். சித்திரை, வைகாசியில் சீத்தா கிடைக்காது. அப்போது இளம் நுங்கைத் தோல் உரித்து நறுக்கிப் போடுங்கள். வெயிலுக்கு அதைவிடக் குளிர்ச்சி ஏது?

பிரிட்ஜ் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கலவைப் பாத்திரத்தை மூடி, ஈர மணலில் பதித்து, மேலே ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள். அரை மணி நேரத்தில் சூடு தணிந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சம் வைத்து மறுநாள் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குப் பப்பாளியை விட்டுவிட்டுக் கொய்யாவைக் கூட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்காரருக்குக் கருப்பட்டி சேராமல் நாலு துண்டு கொய்யா போதும்.

அடுத்த முறை பழம் பறிக்கும்போது, கூடையைக் கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கென்று ஒரு படி எடுத்து வையுங்கள். விற்ற பழம் பணம் தரும். வைத்த பழம் பிள்ளைக்குப் பலம் தரும்.