துணைப் பொறியும் பாட்டின் ஆயுளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

கணினி வழி இசையமைப்பில் பயன்படும் துணை அட்டைகளைப் பற்றிச் சிறிது பேசுமாறு செயற்குழுவினர் பணித்துள்ளனர். இசைப் புலமையோ பொறியியற் பட்டமோ நமக்கு இல்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு முடிந்தது. இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதுவது தொழில். ஆயினும், சங்கத்து இசைக்குழுவின் பதிவுகளைக் காக்கும் பொறுப்பு நம்மிடம் இருப்பதால், அதன்வழி அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கின்றோம்.

கணினி ஒலியை எண்களாகவே அறியும். குறுந்தட்டின் அளவுப்படி, ஒரு தடத்தில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 எண்கள் வேண்டும். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா என்று தனித்தனியே பதிந்து, தடங்கள் 24 ஆயின், நொடிக்கு 10,58,400 எண்கள்! ஒவ்வோர் எண்ணையும் பெருக்கியும் கூட்டியும் மெருகூட்ட வேண்டும். மண்டபத்தில் பாடியது போன்ற கார்வையைக் குரலுக்கு ஊட்டுவதென்றால், ஓர் எண்ணுக்கே பற்பல கணக்குகள் போட வேண்டியிருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்த கணினியின் மையச் செயலியால் இச்சுமையைத் தாங்க இயலவில்லை.

பம்பாயிலிருந்து சென்னைக்குச் செல்லும் அன்பர்கள் கர்ஜத் நிலையத்தில் நிகழ்வதைக் கண்டிருப்பீர்கள். லோணாவளா வரை மலையேற்றம். 37 அடிக்கு ஓரடி உயரும் பாதை. முன் எஞ்சின் மட்டும் போதாது. ஆகவே வண்டியின் பின்புறத்தில் 'பாங்கர்' எனப்படும் துணை எஞ்சின்களைப் பூட்டித் தள்ளச் செய்கின்றனர். மலையேறியதும் கழற்றிவிடுகின்றனர். கணினிக்குள் செருகப்பெறும் டி.எஸ்.பி. அட்டை இத்தகைய துணை எஞ்சினே ஆகும். பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் முடிப்பதற்கென்றே அமைந்த சில்லு அதில் உள்ளது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிஜிடிசைன் நிறுவனம், மோட்டரோலா 56001 என்னும் சில்லைத் தாங்கிய அட்டையுடன் 1989இல் 'சவுண்ட் டூல்ஸ்' என்பதை வெளியிட்டது. 1991இல் நான்கு தடங்களுடன் 'புரோ டூல்ஸ்' வந்தது. பின்னர் டென்மார்க்கு நாட்டு டி.சி. எலக்ட்ரானிக் நிறுவனத்தின் 'பவர்கோர்' அட்டையும், கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஆடியோ நிறுவனத்தின் 'யு.ஏ.டி.-1' அட்டையும் வந்தன. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்து மெருகை, வீட்டு மேசைமேல் இருந்த கணினியும் இவற்றால் பெற்றது. இந்நன்மையை நாம் மறத்தல் ஆகாது.

எனினும் இவ்வட்டைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சிலவற்றில், பாடகரின் குரல் அட்டைக்குள்ளேயே மெருகேறி, உடனே அவர் செவிக்குத் திரும்பும். வேறு சிலவற்றிலோ, குரல் முதலில் கணினிக்குள் நுழைந்து, அட்டைக்குச் சென்று, மீண்டும் கணினிக்கு வந்தாக வேண்டும்; அதனால் தாமதம் கூடும். எண்களை 256 கொண்ட தொகுதியாகக் கணினி கையாண்டால், ஒரு தொகுதிக்கே ஆயிரத்தில் ஏறத்தாழ ஆறு பங்கு நொடி ஆகிவிடும். போகவும் வரவும் இது பெருகினால் தாளம் பிடித்துப் பாடுவோர் தடுமாறுவர். எனவே பின்வகை அட்டைகள் பாடும்போது உதவுவதைவிட, பாடி முடித்தபின் தடங்களைக் கலக்கும்போதே பெரிதும் உதவும்.

இனி, நாம் சொல்ல வந்த முதன்மையான செய்திக்கு வருவோம். துணை எஞ்சின் கழன்றாலும் வண்டி நம்முடையதாகவே இருக்கும். இவ்வட்டையோ அப்படியன்று. அதற்கென எழுதிய மெருகு நிரல்கள் அட்டையின்றி இயங்கமாட்டா. துணையாக வந்தது பூட்டாகவும் ஆகிவிடுகின்றது. புரோ டூல்ஸின் முதல் அட்டை பொருந்திய 'நூபஸ்' என்னும் செருகுவாய் இன்று எந்தப் புதிய கணினியிலும் இல்லை. பவர்கோர் 2011இல் நிறுத்தப்பட்டது. அட்டை பழுதாயினும், புதிய இயங்குதளம் அதனை ஏற்க மறுப்பினும், அதை நம்பிச் செய்த பாட்டு, செய்த வண்ணம் திறவாது.

இன்றைய மையச் செயலிகளோ வலிமை மிக்கவை. யுனிவர்சல் ஆடியோவே 2022 முதல், அட்டையின்றி இயங்கும் நிரல்களையும் தந்து வருகின்றது. தாமதமின்றிக் குரலைக் கேட்டுப் பாட வேண்டுவோருக்கு டி.எஸ்.பி. இன்றும் பயன்படும், ஏனையோர் அதற்கெனச் சேமிப்பைக் கரைக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அட்டை இருப்பினும் இல்லாவிடினும் நாம் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பாட்டு முடிந்த அன்றே, ஒவ்வொரு தடத்தையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, சுருக்கப்படாத 'வேவ்' கோப்பாக எழுதி வைக்க வேண்டும். மெருகூட்டியது ஒன்று, மெருகூட்டாதது ஒன்று. பாடியவர் பெயர், இராகம், தாளம், வேகம், பதிந்த நாள் ஆகியவற்றை உடன் குறிக்க வேண்டும். இரு படிகளை இரு வேறு இடங்களில் வைக்க வேண்டும். வேவ் அமைப்பும் 1991இல் வகுக்கப்பட்டதே. அவ்வாண்டின் அட்டை இன்று பொருந்தாது; அவ்வாண்டின் கோப்போ இன்றும் திறக்கும்!

நம் சங்கத்தில் இதற்கு அவசரமும் உண்டு. பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த முதல் தலைமுறைத் தாய்மார் பாடிய தாலாட்டும் கும்மியும் நம்மிடம் பதிவாகியுள்ளன. அவர்களுள் சிலர் இன்று நம்மிடையே இல்லை. மெருகு போனால் மீண்டும் ஊட்டலாம். அக்குரலை மீண்டும் யார் பாடித் தருவார்? ஆகவே, அடுத்த ஆண்டு விழாவிற்குள் பதிவுகள் அனைத்தையும் இவ்வாறு எழுதி முடிக்க, வாரம் ஒரு மாலைப் பொழுதை ஈயும் இளைஞர் நால்வரை வேண்டுகின்றோம். கணக்குப் புத்தகத்தை நாம் பார்த்துக்கொள்கின்றோம்.