பழைய துணியும் நம் மனசும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் இயந்திரத்தைப் பற்றிப் பேசி அறுப்பான் என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். நான் பேசப் போவது பழைய துணியைப் பற்றி.

நாம் ஏன் பழைய துணியைத் தானமாகக் கொடுக்கிறோம்? இல்லாதவர்களுக்கு உதவத்தான் என்று உடனே சொல்லிவிடுவோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி நம் பீரோவில் இருக்கிறது. தீபாவளிக்கு எடுத்ததை வைக்க இடம் வேண்டுமே! குப்பையில் போடவோ மனசு வராது. ஒன்று குழந்தை முதல் பிறந்த நாளுக்குப் போட்ட கவுன். இன்னொன்று காலமான அப்பாவின் வேட்டி. வீசினால் உறுத்தும், வைத்திருந்தால் இடத்தை அடைக்கும். "யாருக்காவது உபயோகப்படும்" என்று மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீர்ந்தது. புண்ணியமும் சேர்ந்த மாதிரி. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்?

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கத் தெருவில் வரும் அம்மாவைப் பாருங்கள். ஒவ்வொரு சேலையையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். கிழிசல் இருந்தால், "இது வேணாம் தாயி" என்று தள்ளிவிடுவார். அதனால் அவருக்கு நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கிறோம். தானம் வாங்குகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழி வேறு சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டோம்.

இதன் விளைவை 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தமிழ்நாடு நேரில் பார்த்தது. நாகப்பட்டினம் பக்கம் லாரி லாரியாகத் துணி வந்து இறங்கியது. அங்கே யாரும் உடுத்த முடியாததும் கந்தலும் சாலையோரம் குவிந்து கிடந்தன. முந்தின நாள் வரை கடலில் உழைத்துச் சாப்பிட்ட மக்களுக்கு நாம் அனுப்பியது அது!

அப்படி மிஞ்சிய துணியை எடுத்துத் தரம் பிரித்தது 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம். அன்ஷு குப்தா 1999-ல் டில்லியில் தொடங்கியது. 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. இவர்கள் துணியைச் சும்மா கொடுப்பதில்லை. ஊர் மக்கள் சேர்ந்து கிணறு வெட்டினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணி கொடுக்கிறார்கள். உடுத்த உதவாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் பயன்படும் நாப்கினாகத் தைக்கிறார்கள்.

தம்பி, தங்கைகளே! கடைசி ஆண்டு முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்யும்போது அறைக்கு அறை துணி மிஞ்சும். அப்படியே மூட்டை கட்டாதீர்கள். கொடுக்கப் போகிற இடத்தில் என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். துவையுங்கள், அறுந்த பட்டனைத் தையுங்கள். அளவு எழுதி வையுங்கள், கிழிசலைத் தனியாகப் பிரியுங்கள். ஃபேக்டரியில் சரக்கைச் சோதித்துத்தானே வெளியே அனுப்புகிறோம்? திருப்பி அனுப்ப முடியாதவருக்குப் போகிற சரக்கை இன்னும் ஒருமுறை சோதிக்க வேண்டாமா? சந்தேகம் வந்தால், பாத்திரக்கார அம்மா இதை எடுத்துக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.