பிடிபட்டவனை என்ன செய்வது?



கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நம் கோவைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அட்டப்பாடி. மனநலம் பாதிக்கப்பட்டு, காட்டுக்குள் ஒரு குகையில் தனியே வாழ்ந்துவந்த பழங்குடி இளைஞர் ஒருவரை, 2018 பிப்ரவரியில் அங்கே ஒரு கூட்டம் தேடிப் பிடித்தது. கடையில் அரிசியும் மளிகைச் சாமானும் திருடிவிட்டார் என்பது புகார். கைகளைக் கட்டி அடித்தார்கள். கட்டுண்டு நின்றவர் பக்கத்தில் நின்று ஒருவர் செல்ஃபியும் எடுத்துக்கொண்டார். போலீஸ் ஜீப்பில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. 2023 ஏப்ரலில், மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது.

திருடினார் என்றே வைத்துக்கொள்வோம். பசித்தவர் எடுத்த அரிசிக்கு உயிரா விலை? தர்ம அடி கொடுப்பதை வீரமாக நினைக்கும் பழக்கம் நம் ஊர்களிலும் இருக்கிறது. அதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்காகத் திருட்டை லேசாக நினைக்கச் சொல்லவில்லை. நாள் முழுக்கப் பூ கட்டி விற்று, சீட்டுப் போட்டு, ஒரு பவுன் சேர்த்த பெண்ணின் கழுத்திலிருந்து அதை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பாவம் பார்த்து விட்டுவிட்டால், அந்தப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது? திருடியவன் மேல் நாம் காட்டும் கருணைக்குப் பறிகொடுத்தவர் விலை கொடுக்கக் கூடாது. இந்த விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு வழி இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் திருடுபோனது 5,000 ரூபாய்க்கும் குறைவு, குற்றவாளி என்று தீர்ப்பாவது அவருக்கு முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தும்விட்டார் என்றால் சிறை இல்லை; சமூக சேவைதான் தண்டனை. பறிகொடுத்தவருக்குப் பொருள் திரும்புகிறது, தவறியவருக்கு வாழ்க்கை திரும்புகிறது. மறுபடியும் திருடிச் சிக்கினால் குறைந்தது ஓராண்டு கடுங்காவல். சங்கிலிப் பறிப்பை இதோடு சேர்க்காமல் 304ஆம் பிரிவில் தனிக்குற்றமாக வைத்ததும் சரியே.

முதல் தடவை தவறியவரை எச்சரித்து அனுப்பும் அதிகாரம், 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்திலேயே நீதிமன்றங்களுக்குத் தரப்பட்டிருக்கிறது. ஏட்டில் உள்ள இந்த இரக்கம் ஏழையின் வீட்டு வாசலுக்கு வந்து சேருவதில்தான் சிக்கல். ஜாமீன் கிடைத்தும், கையெழுத்துப் போட ஆளில்லாமல் சிறைக்குள்ளேயே கிடப்பவர்கள் உண்டு. சைக்கிள் திருடிய பையன் அங்கே யாரோடு பழகுவான், என்ன கற்றுக்கொண்டு வெளியே வருவான் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தெருவில் யாராவது பிடிபட்டால் கை ஓங்காதீர்கள், ஓங்குகிறவரையும் தடுங்கள். 112க்கு போன் செய்து, போலீஸ் வரும்வரை கூடவே நில்லுங்கள். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. வக்கீல் வைக்க வழியில்லாத குடும்பம் உங்களுக்குத் தெரிந்து இருந்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். தொலைபேசி உதவி எண் 15100.