சானிடைசர் பாட்டில் உங்க வீட்டுல எங்க இருக்கு?

நாகர்கோவில் கிளைக் கூட்டத்துல நான் பேசியதன் எழுத்து வடிவம் 👇



2021 ஜனவரி 31, போலியோ சொட்டு மருந்து நாள். மகாராஷ்டிராவில் யவத்மால் மாவட்டத்துல ஒரு கிராமம். 5 வயசுக்குட்பட்ட 12 பிள்ளைகளுக்கு சொட்டு மருந்துக்குப் பதிலா சானிடைசரை வாயில விட்டுட்டாங்க. 12 பேரையும் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. நல்லவேளை, எல்லாரும் பிழைச்சாங்க.

சுகாதாரப் பணியாளர்கள் கையிலேயே மாறிப்போகுதுன்னா, நம்ம வீட்டுல?

கொரோனா நேரத்துல பெரிய கேன் வாங்கி, மிச்சத்தைத் தண்ணி பாட்டில்ல ஊத்தி வச்சவங்க எத்தனை பேரு? நானும்தான்.

அதுல 60 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால். கையில தேய்ச்சு காஞ்சிட்டா பயமில்ல. குடிச்சா ஆபத்து. சின்னப் பிள்ளைக்கு ரத்தத்துல சர்க்கரை இறங்கும், மயக்கம், வலிப்பு வரலாம். மெத்தனால் கலந்த போலின்னா கண்பார்வையே போகும்.

✅ தண்ணி பாட்டிலுக்கு மாத்தாதீங்க. எட்டாத உயரத்துல வைங்க.
✅ அடுப்பு, விளக்கு பக்கம் வேண்டாம். தீப்பிடிக்கும்.
✅ சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவங்களே ஊத்திக் குடுங்க. வீட்டுல சோப்பும் தண்ணியும் போதும்.
✅ குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உடனே 108. பாட்டிலையும் கையோட எடுத்துட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போங்க.

கிளைத் தோழர்களே, உங்க ஊர் அங்கன்வாடியில சோப்பும் குழாய்த் தண்ணியும் இருக்கான்னு பார்த்து கமெண்ட்ல சொல்லுங்க. இல்லன்னா சேர்ந்து கேட்போம்.

முதல்ல வீட்டு பாட்டிலைப் பாருங்க. அப்புறம் ஷேர் பண்ணுங்க.

#குமரி #பிள்ளைகள்பாதுகாப்பு