காலி டப்பா காலியல்ல
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பண்டிகை நெருங்கினால் நம்முடைய டெல்டாப் பகுதியிலே வீடு ஒழித்து வெள்ளையடிப்பது வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முன்பு நம் வீடுகளில். போகிக்கு அக்கம்பக்கத்து வீடுகளில். ஒழித்த சாமான்கள் வாசலிலோ கொல்லைக் குப்பைக்குழியிலோ எரிக்கப்படுகின்றன. முன்பெல்லாம் அந்தத் தீயில் பழம்பாயும் கிழிந்த துணியும் தேய்ந்த துடைப்பமும் விழுந்தன. இப்பொழுதோ கொசு மருந்து ஸ்பிரே, வாசனை ஸ்பிரே, பண்டிகை இரவில் பிள்ளைகள் பீய்ச்சி விளையாடிய பனிநுரை டப்பா ஆகியவையும் விழுகின்றன. அவற்றின் புகையைக் குறித்துத்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஸ்பிரே டப்பாவை அழுத்தும்போது மருந்து வெளியே வருவதற்குக் காரணம், உள்ளே அடைத்திருக்கும் வாயு. முன்பு அதற்குக் குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்களைப் பயன்படுத்தினார்கள். அவை ஓசோன் படலத்தை அழிப்பதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகெங்கும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. இன்று பெரும்பாலான டப்பாக்களில் இருப்பவை புரோபேன், பியூட்டேன். அதாவது நம் சமையல் எரிவாயுவின் இனம். ஆனால் சமையல் வாயு கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். ஸ்பிரே வாயுவில் அந்த நாற்றப் பொருளைச் சேர்ப்பதில்லை.

“தீர்ந்துபோயிற்று” என்று நாம் போடும் டப்பாவிலும் கொஞ்சம் வாயுவும் மருந்தும் மிஞ்சியிருக்கும். தீயில் சூடேறினால் டப்பா வெடித்துத் தகரம் பறக்கும். கூரை வீடுகள் நெருங்கியிருக்கும் தெருவிலே அது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது, காலியான பின்பும் துளைக்கவோ எரிக்கவோ கூடாது என்று டப்பாவிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

வெடிச்சத்தத்திற்கு எல்லோரும் பயப்படுகிறோம், புகைக்குப் பயப்படுவதில்லை. பூச்சி ஸ்பிரேக்கள் சிலவற்றில் இருக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்து எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் ஹைட்ரஜன் சயனைடும் உண்டாகக்கூடும். மூடியும் கூடக் கிடக்கும் பிளாஸ்டிக்கும் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைத் தரும். மார்கழி விடியற்காலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்குவதால் புகை மேலே எழும்பாது. 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானமே தடுமாறும் புகையில், தீயைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் நுரையீரல் என்ன ஆகும்?

முதலில் கண் எரியும், தொண்டை கரகரக்கும், இருமல் வரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வந்துவிடும். சிலருக்கு அந்த நேரத்தில் லேசான இருமலோடு நின்றுவிடும்; ஆனால் பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகையால் “நன்றாய்த்தானே இருக்கிறான்” என்று தனியே தூங்க விட்டுவிடாதீர்கள்.

தலைவலி, மயக்கம், வாந்தி, புத்தித் தடுமாற்றம் கண்டால் கார்பன் மோனாக்சைடு என்று சந்தேகிக்க வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல்நுனிக் கருவியை நம்பாதீர்கள். இந்த வாயு இரத்தத்தில் கலந்திருந்தாலும் அந்தக் கருவி எல்லாம் இயல்பாக இருப்பதுபோல் தவறாகக் காட்டக்கூடும். உடனே நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, 108-ஐ அழையுங்கள். கண் எரிந்தால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மயங்கியவர் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்ற வேண்டாம்.

நம் வீட்டில் எரிக்காமல் குப்பையோடு கலந்து அனுப்பிவிட்டால் போதும் என்றும் எண்ணக்கூடாது. தஞ்சை ஜெபமாலைபுரத்திலுள்ள குப்பைக் கிடங்கு பலமுறை தீப்பற்றியிருக்கிறது. தீ எதனால் பற்றினாலும், அங்கே கிடக்கும் டப்பாவின் புகையைச் சுவாசிப்பவர்கள் அதை வாங்கியவர்கள் அல்ல. அக்கம்பக்கத்துக் குடும்பங்களும், குப்பை பிரித்துப் பிழைப்பவர்களும், தீயணைக்க வந்தவர்களுமே.

செய்யவேண்டியது எளிது. திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், சீறல் நிற்கும்வரை அழுத்தித் தீர்த்துவிடுங்கள். துளைக்காதீர்கள், நசுக்காதீர்கள், வெயிலில் போடாதீர்கள். தனிப் பையில் கட்டி, இன்னதென்று சொல்லி, நகரத்தில் தூய்மைப் பணியாளரிடமும் கிராமத்தில் தூய்மைக் காவலரிடமும் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துவைத்தன. வயலுக்கு அடிக்கும் மருந்து டப்பாக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றை வரப்பில் எரிக்கவும் வேண்டாம், வாய்க்காலில் எறியவும் வேண்டாம்.

இந்த வருஷம் வீடு ஒழிக்கும்போது, தீ மூட்டுமுன் குவியலை ஒருமுறை கிளறிப் பாருங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். நுரையீரல் வெந்தபின் நாங்கள் பிராணவாயு கொடுத்துப் போராடுவதைவிட, ஒரு டப்பாவைத் தீயிலிருந்து நீங்கள் எடுத்துவைப்பது பெரிய வைத்தியம்.