பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டி

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாதா மாதம் இங்கே சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்றுதான் பேசுவோம். இந்த மாதம் நாம் பேச எடுத்துக்கொண்டது பழைய வீடு. நம் தாத்தா, பாட்டி வாழ்ந்த வீடு. ஓட்டுக் கூரை, திண்ணை, உள்ளறையில் ஒரு டிரங்குப் பெட்டி. அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்?"னு சொல்லிடுவாங்க. நாமும் கேட்காமலே கல்யாணம் ஆகி வேற ஊருக்குப் போயிடுறோம். இல்லீங்களா?

நம்ம குழு உறுப்பினர் ஒருவர் குடும்பத்தில் நடந்ததை, அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இங்கே சொல்கிறோம்.

அது அவருடைய அப்பா வளர்ந்த வீடு. தாத்தா, பாட்டி இருவரும் காலமாகி, அப்பாவும் இறந்துவிட்டார். வீடு பழுதாகிக் கிடக்கு, வித்துடலாம்னு சித்தப்பாவும், உறுப்பினரின் அண்ணன் தம்பியும் முடிவு செய்தார்கள். அத்தைக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கலாம்னு பேச்சு. வாங்க வந்தவர் மூலப் பத்திரம் கேட்டார். அதனால் பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று.

பத்திரம் 1962-ஆம் வருடத்துக் கிரயப் பத்திரம். வாங்கியவர் பெயர் தாத்தா பெயர் இல்லை. பாட்டியின் பெயர்! வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாது. வீட்டு வரி ரசீதெல்லாம் தாத்தா பெயரில். ஊரும் "அவர் வாங்கின வீடு" என்றுதான் சொல்லும்.

பத்திரத்துக்கு அடியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே அடகுச் சீட்டுகள். அட்டிகை, வளையல், தாலிக்கொடி என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தது. எல்லாம் பாட்டியின் நகைகள். அந்தப் பணத்தில்தான் வீடு வந்திருக்கிறது. சீட்டுகளின் பின்பக்கம், கட்டிய வட்டிக் கணக்கு, தாத்தா கையெழுத்தில். பல வருடம் கட்டியிருக்கிறார். கடைசியில் நகை முழுகிப் போயிருக்கு. முழுகிப் போன பிறகும் அந்தச் சீட்டுகளை அவர் தூக்கிப் போடவில்லை.

எழுபது வயது தாண்டிய அத்தை அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு விவரம் தெரிஞ்சதிலேர்ந்து எங்கம்மா கழுத்துல மஞ்சக் கயிறுதான். கொடி எங்கம்மான்னு கேட்டா சிரிப்பாங்க. அப்பா எந்திரிச்சு வெளியே போயிடுவாரு."

அவள் நகையில் வந்த வீடு அவள் பெயரில்தான் இருக்கணும் என்று தாத்தா எழுதி வைத்தார். பொண்டாட்டி வீட்டுல குடியிருக்கான்னு அவரை யாரும் சொல்லிடக் கூடாது என்று பாட்டி கடைசி வரை வாய் திறக்கவில்லை. அப்படித்தான் அந்தக் குடும்பம் புரிந்துகொண்டது. நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம். ஒருத்தர் கௌரவத்தை ஒருத்தர் காப்பாற்றி, ஐம்பது வருடம் வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆனால் சகோதரிகளே, அந்த அன்பு மறைத்து வைத்த ரகசியத்தால் யாருக்கு நஷ்டம் வரப் பார்த்தது? அவர்கள் பெற்ற பெண்ணுக்கு! கொஞ்சம் விட்டிருந்தால், ஒரு புடவையோடு முடிந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு பெண் தன் பணத்தில் வாங்கிய சொத்து முழுக்க முழுக்க அவளுடையது. இந்தப் பாட்டி உயில் எழுதவில்லை. தாத்தா முன்பே காலமாகிவிட்டார். எனவே மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. அத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு. இறந்துபோன அப்பாவின் மூன்றில் ஒரு பங்கு அவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நாலு பேருக்கும் சமம். நம் உறுப்பினருக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு உண்டு. வரி ரசீது யார் பெயரில் இருக்கு என்பதை வைத்து மட்டும் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடாது.

மூன்று மாதம் சித்தப்பா அத்தையோடு பேசவில்லை. பிறகு இலவச சட்ட உதவி வழக்கறிஞரை வைத்து எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். வெளியாளுக்கு விற்பதை நிறுத்தி, சித்தப்பாவே வீட்டை வைத்துக்கொண்டார். அத்தை தன் பங்குக்கு உரிய பணம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தார். புடவையையும் வாங்கிக்கிட்டாங்க! நம் உறுப்பினர் தன் பங்கை அம்மாவுக்கே விட்டுக் கொடுத்துவிட்டார். தெரிஞ்சு விட்டுக் கொடுக்கிறது வேற, தெரியாமப் பறிபோறது வேற.

பூர்வீகச் சொத்து விஷயத்தில் வந்த மாற்றங்களையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அதற்கு முன் திருமணம் ஆகாத பெண்களுக்கு மகன்களைப் போலச் சம உரிமை வந்தது. 9.9.2005 முதல் நாடு முழுவதும், திருமணம் ஆனவர்களுக்கும் சேர்த்து வந்தது. அதுவரை இன்னொரு தடையும் இருந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண் பாகம் கேட்க முடியாது. 2005-இல் அந்தப் பிரிவையும் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, இந்த உரிமை பிறப்பால் வருவது என்று 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையைத் திரும்பக் கிளற முடியாது.

அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை அவர் விரும்பியவருக்கு எழுதலாம். எழுதாமல் இறந்தால் மகளுக்கும் சம பங்கு. கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. அவர்களுக்கும் பங்கு உண்டு, அளவுதான் மாறும்.

சரி, நாம் என்ன செய்யணும்?

ஒன்று, பெற்றவர்கள் இருக்கும்போதே பத்திரம் யார் பெயரில் இருக்கு என்று உட்கார்ந்து கேளுங்கள். சொத்து கேட்கிற மாதிரி கேட்க வேண்டாம். இந்த வீடு எப்படி வந்தது, யார் உழைச்சது, யார் நகை போச்சு என்று கதையாகக் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

இரண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் தொலைந்திருந்தாலும் பத்திர எண்ணும் வருடமும் தெரிந்தால் நகல் வாங்கலாம்.

மூன்று, படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். வெற்றுத் தாளில் கூடவே கூடாது.

நான்கு, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

"பங்கு கேட்டா பிறந்த வீட்டு உறவு போயிடும்"னு பயப்படுறோம். பயம் நியாயமானதுதான். சில வீட்டில் மூணு மாசம் இல்லை, மூணு வருஷம்கூடப் பேச்சு நின்று போகும். ஆனா அந்தத் தாத்தாவை நினைச்சுப் பாருங்க. பொண்டாட்டி மேல் இருந்த பாசத்தை அவர் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்தார். அதை ஊரறியச் சொல்லத்தான் அவருக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை நம் தலைமுறையில் விடுவோம். வீட்டுக்காரரும் நாமும் சேர்ந்து வாங்குகிற மனையில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும். அது நம் மகனுக்கும் மகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கு என்று பார்த்து வர வேண்டும் என, இன்றைக்கே எல்லாக் குழுவும் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.