சதுரங்கச் சிறார்களின் வெளிநாட்டுப் பிரயாணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் பேசுபவர்கள் இலக்கியமும் சமயமும் கற்றுத் துறைபோகிய சான்றோர்கள். நானோ மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவன். கம்பரைப் பற்றியோ சேக்கிழாரைப் பற்றியோ பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும் பிரயாணம் என்பது எங்கள் தொழில். அது எங்கே இடறும், மக்கள் எங்கே தவிப்பார்கள் என்பதைப் பல ஆண்டுகளாக விசாரணை ஜன்னலுக்கு உள்ளிருந்து கண்டு வருகிறேன். அதனால்தான் போலும், செயலாளர் அவர்கள் இப்பொருளை எனக்கு அளித்தார்கள்.

நம் காலனியில் மாலை வேளையில் சதுரங்கப் பலகை விரியாத வீடுகள் இன்று குறைவு. நம் சிறார்கள் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஏறி, தேசிய வயதுப் பிரிவுப் போட்டி வரை சென்றுவிட்டார்கள். அடுத்த படி கடலுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே வந்ததும் வீட்டில் விவாதம் எழுகிறது. "பெண் குழந்தை, தெரியாத தேசம், ஏதாவது ஒன்று நேர்ந்தால் நமக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?" என்கிறார் பாட்டியார். "இந்த ஆண்டை விட்டால் வயது கடந்துவிடுமே" என்கிறார் தாயார். இருவர் சொல்வதும் நியாயமே. எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்ப்பதே என் நோக்கம்.

நமது நாக்பூரிலே பிறந்த திவ்யா தேஷ்முக், 2014-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 10 வயதிற்குட்பட்ட சிறுமியருக்கான உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது எட்டு. 2017-இல் பிரேஸில் நாட்டில் 12 வயதிற்குட்பட்டோர் பட்டத்தை வென்றார். 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பாட்டூமி நகரில் மகளிர் உலகக் கோப்பையை வென்று கிராண்ட்மாஸ்டரும் ஆனார். இரயில்வேக் குடும்பத்திற்கும் இதில் பெருமை உண்டு. 1988-இல் நம் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராக உயர்ந்த விசுவநாதன் ஆனந்தின் தந்தையார் தென்னக இரயில்வேயில் உயர் பதவி வகித்தவர். அவர் பணி நிமித்தம் மணிலாவில் குடியிருந்த நாட்களில், தாயார் கற்பித்த ஆட்டம் சிறுவன் ஆனந்திடம் வேரூன்றியது. தூரம் என்று அஞ்சிக் கதவைச் சாத்தியிருந்தால் இவர்களை உலகம் அறிந்திராது.

இப்போட்டிகள் நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலகச் சிறார் போட்டியில் 8, 10, 12 வயதிற்குட்பட்டோரும், உலக இளையோர் போட்டியில் 14, 16, 18 வயதிற்குட்பட்டோரும் ஆடுகிறார்கள். 11 சுற்றுகள், போக வர ஏறத்தாழ இரண்டு வாரங்கள். ஆண்டுக்கொரு நாடு. 2023-இல் சிறார் போட்டி எகிப்திலும், 2024-இல் இளையோர் போட்டி பிரேஸிலிலும் நடந்தன.

இனி, அபாயம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நான் கண்டவரை, குழந்தைகள் தவறிப்போவது காட்டிலும் இருளிலும் அன்று. விளக்குகள் எரியும் பிளாட்பாரத்தில், பெற்றோர் இருபதடி தூரத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் தவறுகிறார்கள். தந்தை மகனைத் தேடி வலப்புறம் போகிறார். மகன் தந்தையைத் தேடி இடப்புறம் போகிறான். இருவரும் நடந்துகொண்டே இருப்பதால் சந்திப்பதில்லை.

சதுரங்க மண்டபத்திலும் இதுவே நேரக்கூடும். ஆட்டம் தொடங்கியதும் பெற்றோர் பொதுவாக வெளியேற வேண்டும். ஆட்டக்காரர் கைப்பேசியை உடன் வைத்திருத்தல் கூடாது. வைத்திருந்தால் ஆட்டத்தையே இழக்க நேரும். ஆட்டமோ அரை மணியிலும் முடியலாம். நான்கைந்து மணி நேரமும் நீளலாம். ஆகவே, எந்த நேரத்தில் என்று எவருக்கும் தெரியாதபடி, கையில் தொலைபேசி இல்லாமல், அந்நிய நகரத்தில், நூற்றுக்கணக்கான பேரின் நடுவே நம் குழந்தை வெளியே வருகிறது. அதுவும் தோற்ற குழந்தையாக இருந்தால், கண்ணீர் மறைக்க வழி தெரியாமல், கால் போன பக்கம் நடக்கும். பாட்டியார் அஞ்ச வேண்டியது இக்கணத்திற்கே.

இதற்குப் பரிகாரம் எளியது. சென்ற முதல் நாளே, ஆட்டம் தொடங்குமுன், மண்டபத்து வாயிலருகே ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தூணாகட்டும், ஒரு படிக்கட்டாகட்டும். வென்றாலும் தோற்றாலும் குழந்தை அங்கே வந்து நிற்க வேண்டும். நிற்பது குழந்தையின் கடமை. தேடுவது பெரியவரின் கடமை. ஆட்டம் நடக்கும் நேரத்தில் பெரியவர் கடைவீதிக்குப் போதல் ஆகாது. போகவேண்டி வந்தால், நம் குழுவில் இன்னார் நிற்பார் என்று குழந்தையிடம் முன்னரே சொல்லிவிட்டுப் போக வேண்டும். குழந்தையின் சட்டைப் பையில் ஒரு காகிதச் சீட்டு இருக்கட்டும். அதில் விடுதியின் பெயர், அறை எண், பெற்றோரின் தொலைபேசி எண், அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண் ஆகியவற்றை எழுதிவையுங்கள். விடுதியின் பெயரும் விலாசமும் அவ்வூர் மொழியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். காகிதத்திற்கு மின்சாரம் வேண்டியதில்லை. அதை எந்த நடுவரும் தடுக்கப் போவதுமில்லை.

இன்னொன்றையும் நாகரிகத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சியாளரோ, உடன் வந்த பெரியவரோ, எவ்வளவு வேண்டியவராயினும், குழந்தையோடு மூடிய அறையில் தனித்திருக்கும்படி விடுதல் கூடாது. பயிற்சி நடக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். இதை முன்கூட்டியே விதியாகச் சொல்லிவிட்டால் நல்லவர் எவரும் மனம் வருந்த மாட்டார். மனத்திற்கு ஒவ்வாத எதையும் அஞ்சாமல் வந்து சொல்லலாம் என்ற தைரியத்தை ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் வீட்டிலேயே ஊட்ட வேண்டும்.

அடுத்து, தஸ்தாவேஜுகள். 15 வயதிற்குட்பட்ட குழந்தையின் பாஸ்போர்ட் 5 ஆண்டுகளே செல்லும். சென்றமுறை எடுத்தது இன்னும் இருக்கிறது என்று நம்பியிராமல் தேதியைப் பாருங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா மனுவைப் பயணத்திற்கு 6 மாதம் முன்னரே கொடுக்கலாம். 15 நாளுக்குள் வந்தால் காலம் கடந்துவிடும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸும் வேண்டும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால் மற்றவரின் சம்மதக் கடிதத்தை நோட்டரி கையொப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். வெளிநாடு செல்ல விடுப்பும் அனுமதியும் மேலிடம் சென்று திரும்ப நாளாகும்; குழந்தை தேர்வான அன்றே மனு எழுதுங்கள். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் கலங்க வேண்டாம். காவல் நிலையத்தில் எழுதிவைத்துவிட்டுத் தூதரகம் சென்றால், தாயகம் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட்டின் நகல் தனிப் பெட்டியில் இருந்தால் வேலை எளிதாகும்.

உடல்நலமும் உணவும் பற்றிச் சில வார்த்தைகள். பிரேஸில் போன்ற மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்வோர், புறப்படக் குறைந்தது 10 நாள் முன்னதாக அரசு அங்கீகரித்த நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அச்சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். உணவைப் பொறுத்தவரை, பிரக்ஞானந்தாவின் தாயார் மின்னடுப்பும் பாத்திரமும் கொண்டு சென்று, போகும் ஊரெல்லாம் மகனுக்கு ரசமும் சோறும் ஆக்கித் தந்ததை நாடறியும். நாமும் செய்யலாம், ஆனால் அறையில் சமைக்க விடுதியார் அனுமதிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நெய்யும் பால்கோவாவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுபோகக் கூடாது. கசகசா நமக்குக் குருமாச் சாமான். ஐக்கிய அரபு நாட்டிலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், சிறைக்கே கொண்டுபோய்விடும். மசாலாப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கட்டுங்கள். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

தாமதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் இரயில்வேக்காரன் ஆகமாட்டேன். இங்கிருந்து பலரும் இரவு வண்டியில் மும்பை சென்று விமானம் ஏறுகிறார்கள். வண்டி சேரும் நாளிலேயே விமானம் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் கசாரா மலைப்பாதையில் மண் சரியும். டெல்லி வழியாயின் மார்கழியில் மூடுபனி. இரயில் பிந்தியதற்கு விமானக் கம்பெனி காத்திராது. பெரியோர்க்கும் இது நேர்ந்ததுண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நின்றபோது, உலகப் பட்டப் போட்டிக்குச் சென்ற ஆனந்த், பிராங்க்பர்ட்டிலிருந்து சோபியா வரை ஏறத்தாழ 40 மணி நேரம் தரைவழியே சென்றார். 3 நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாளே கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றார். முடிவில் பட்டத்தைக் காத்தார். பத்து வயதுக் குழந்தையிடம் அந்த மனத்திண்மையை எதிர்பார்த்தல் தகாது. ஒரு நாள் முன்னதாகச் சென்று சேருங்கள்.

போரும் கலகமும் வந்தால் என் செய்வது? 2023 அக்டோபரில் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் சிறார் போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கையில் இஸ்ரேல்-காஸா போர் மூண்டது. போட்டி நடந்தேறியது. எனினும், அந்நிலையில் போகாமல் நின்ற பெற்றோரைக் கோழை என்றோ, போனவரைப் பேராசைக்காரர் என்றோ சொல்ல நமக்கு உரிமையில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பிறகு உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: கட்டிய பணம் போய்விடுமே என்பதற்காக எவரும் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டாம். பணத்தை மீண்டும் சேர்க்கலாம்.

அந்தப் பணத்தைப் பற்றியே இன்னொரு வார்த்தை. சேமநிதியில் கடன் வாங்கியும் நகையை வைத்தும் பிள்ளையை அனுப்பும் வீடுகள் உண்டு. அந்தக் கணக்கைக் குழந்தையின் காதில் போடாதீர்கள். "இவ்வளவு செலவழித்தோமே" என்ற சொல்லுக்கு அஞ்சும் குழந்தைதான், தோற்றதும் குறித்த தூணருகே வராமல் வேறு பக்கம் நடக்கும். தோற்று வரும் குழந்தையைப் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். தந்தைக்கு விடுப்புக் கிடைக்காமல் தாய் மட்டும் உடன் செல்ல நேரும் வீடுகளில், பின்னே நிற்கும் சின்னஞ்சிறுசுகளையும் முதியோரையும் அந்த இரண்டு வாரம் யார் பார்ப்பது? பல குழந்தைகளின் பிரயாணம் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு நமக்குப் பெரு நிதி வேண்டியதில்லை. இரு வேளைச் சாப்பாடும், பள்ளிக்குக் கொண்டுவிட ஒரு துணையும் போதும். ஊரையும் உற்றாரையும் விட்டு வந்த நமக்கு உறவு இந்தச் சங்கமே அல்லவா? முன்வரும் குடும்பங்களின் பெயர்களை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டுமென்று செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் எங்கள் வீட்டை எழுதிக்கொள்ளலாம். என் மனைவியைக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

 நம் குழந்தைகள் நலமே சென்று நலமே திரும்புவார்களாக.